மேனேஜரின் தட்டு

எந்தப் பூட்டையும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிடுவார் பூட்டுக்காரர். தன் வாயைப் பூட்டத்தான் தெரியாது. ரத்தக் கொதிப்பு எகிறியதைப் பார்த்த டாக்டர், "உப்பு, எண்ணெய் ரெண்டையும் விட்டாத்தான் தப்பிப்பீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி கோழியையும் பூசணியையும் உப்பில்லாமல் வேகவைத்து, கூட ஒரு முட்டையும் வைத்து மேசைக்குக் கொண்டு வந்தாள்.

"இதை மனுஷன் தின்பானா? செத்தாலும் தொட மாட்டேன்!"

"தொடாட்டி செத்துதான் போவீங்க!" சொன்ன வேகத்தில் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. மனிதர் மசியவில்லை. நேராகப் போய்த் தெருமுனையில் வறுவல் வாங்கி அமுக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் அவர் தட்டில் காய்ந்த ரொட்டி. கோழி, அடுப்படித் தரையில், பூனையின் தட்டில். பூனைக்கு மேனேஜர் என்று பேர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டே திரியும்.

"எனக்கு ரொட்டி, அதுக்குக் கோழியா?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க? வாயில்லா ஜீவன் திங்கட்டும். தட்டுல கை வச்சீங்க, நடக்கறதே வேற!"

வைக்காதே என்றால் கை சும்மா இருக்குமா? அவள் தையல் மெஷினில் உட்கார்ந்ததும் அடுப்படிக்குள் பூனைநடை போட்டார். மேனேஜரையும் அந்த நேரத்தில் காணோம். அடடா, என்ன ருசி! அன்றிலிருந்து வறுவல் கடைப் பக்கம் போக அவருக்கு நேரமில்லை. மேனேஜருக்கு முன்னால் வீடு வந்து சேர வேண்டாமா?

ஒரு நாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"வாயில என்ன?"

"அது... பூனைக்குக் கோழி ஆகாதாம்! கடைக்கு வந்த பெரிய மனுஷர் சொன்னார்."

"முட்டை?"

"ஐயோ, மகா விஷம்!"

"பூசணி?"

"முடியெல்லாம் கொட்டிடும்!"

"நல்லவேளை சொன்னீங்க. எல்லாத்தையும் கொட்டிடறேன்."

"கொட்டாதே! ஒரு உயிரைக் காப்பாத்த இதைக்கூடத் திங்க மாட்டேனா?"

அப்புறம் என்ன, தரையில் சம்மணம் போட்டுத் தினமும் உயிர் காத்தார்.

அடுத்த முறை டாக்டரே அசந்துபோனார். கொதிப்பு நன்றாக இறங்கியிருந்தது. "என் உடம்பு அப்படி!" என்று வழியெல்லாம் கூட வந்த மனைவியிடம் பீற்றிக்கொண்டு வந்தவர், மாடிப்படியில் எதிர்வீட்டுக் கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரைப் பார்த்ததும் நின்றார். "பூனைக்குக் கோழி, முட்டை ஆகாது, தெரியுமா சார்?"

"யார் சொன்னா? உப்பு போடாம வேகவச்சா கோழி, முட்டை, பூசணி எல்லாமே அளவாக் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட்தான் ஆகாது. உங்க மேனேஜர் இத்தனை நாளா எங்க வீட்லதானே சாப்பிடறான்! உங்க வீட்டம்மாதான் கொண்டு வந்து விட்டாங்க."

பூட்டுக்காரர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப அந்தத் தட்டு?"

"டாக்டர் உங்களுக்குச் சொன்ன சாப்பாடுதான். மேசையில வச்சா தொட மாட்டேங்கறீங்க, திருடித் தின்னா இறங்குது. நான் என்ன பண்ணட்டும்? நீங்க நல்லா இருக்கணும் எனக்கு." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே மேசையில வைக்கட்டுமா, கீழயே வைக்கட்டுமா?"

பூட்டுக்காரர் படியேறத் தொடங்கினார்.

"கீழயே வை. அங்கதான் ருசியா இருக்கு."