முகக்கேடயம் போட்ட மாப்பிள்ளை

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் ஏதாவது ஒன்றில் நிபுணர் ஆனார்கள். சிலர் ரொட்டி சுட்டார்கள், சிலர் கஷாயம் காய்ச்சினார்கள். நான் முகக்கேடய நிபுணர் ஆனேன். (படித்தது இரண்டு வாட்ஸ்அப் செய்தி. பேசியது ஆறு மாதம்.)

நெற்றியில் மாட்டினால் தாடை வரை தொங்குமே, அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், அதைத்தான் சொல்கிறேன். பொதுமக்கள் அத்தனை பேரும் அதை அணிய வேண்டும் என்பது என் கொள்கை. எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் லிஃப்டில் என் கையால் எழுதிய அறிவிப்பை ஒட்டினேன். ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து படியேறுகிறவர்களிடமெல்லாம் நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை. லிஃப்டுக்குப் பதில் படியில் போகிறவர்கள் மட்டும் அதிகமானார்கள், அதுவும் பின்பக்கப் படியில்.

என் முதல் எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தார். சாந்தி அக்கா, கிளினிக்கில் தாதி.

"டேய் குமரா, இதுல பக்கமெல்லாம் தொறந்து கெடக்கு. காத்து உள்ள வரும்தானே? வாயையும் மூக்கையும் மூடற மாஸ்க்தான் முக்கியம். சும்மா நடந்து போற மனுசனுக்கு அது போதும்லா."

"மூஞ்சி தெரிய வேணாமாக்கா? மூஞ்சி தெரியாம மனுசன் மனுசன்கிட்ட எப்படிப் பேசறது?"

(உண்மைக் காரணம் வேறு. முப்பது வயதில்தான் எனக்கு மீசை ஒழுங்காக வளர்ந்திருந்தது. அதைப் போய் முகக்கவரிக்குள் மூடிவைக்க மனம் வரவில்லை.)

இந்தக் கொள்கைப் போருக்கு நடுவில் எனக்கு ஒரு காதலும் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தவள் கவிதா. நடமாட்டக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும், நிபோங் திபாலில் இருந்த அவள் வீட்டுக்கு நானும் அக்காவும் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனோம். அன்றைக்கு அக்காவின் கட்டளைப்படி எல்லோருக்கும் முகக்கவரி. பெரியப்பா பயத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டிருந்தார்.

கவிதாவின் அப்பா மாணிக்கம், இரும்பு ஆலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போனதிலிருந்து வாயே திறக்கவில்லை. காபி குடித்து முடித்து, இரண்டு முகக்கவரியையும் மறுபடி மாட்டிக்கொண்டு, பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

மாணிக்கம் புன்னகைத்தார். கையை உயர்த்தினார்.

"வேணாம்ங்க. போதும்."

அவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் மறுத்திருக்க முடியாது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். பாலம் தாண்டும் வரை பெரியப்பா இரண்டு முகக்கவரியையும் கழற்றவே இல்லை.

மறுநாள் கவிதா தொலைபேசியில் அழுதாள். "ஏம்பா இப்படிச் சொன்னீங்கன்னு கேட்டா, 'மூஞ்சிய மூடிக்கிட்டுப் பேசறவங்களுக்கு நான் என்னத்தப் பதில் சொல்றது'ன்னு கத்துறாரு. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்காரு. கடைக்குப் போறதில்ல, கோயிலுக்குப் போறதில்ல, வெளியாள் யார்கிட்டயும் பேசறதில்ல. இன்னொரு தடவ வாங்க. ஆனா இதுக்கு மேல அவர்கிட்ட என்னால கேக்க முடியாது. அவரு வேணாம்னா வேணாந்தான்."

அவள் அழுதது எனக்கு வலித்தது. ஆனால் மனதின் ஒரு மூலையில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மேளம் கொட்டியது. முகத்தைக் காட்டிப் பேச வேண்டுமாம்! உலகத்திலேயே என் கொள்கையைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் எனக்கு மாமனாராக வரப்போகிறார்!

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். வீட்டுக்குள் போகக்கூடாது. வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். மற்றவர்கள் அத்தனை பேரும் முகக்கவரியோடுதான்.

விசேஷத்துக்கென்று புத்தம் புதிய கேடயம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மாட்டியதும் உலகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கொடிமலையில் பனி இறங்கியது போல் இருந்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். (இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் தரப் பரிசோதகன். பிளாஸ்டிக் பாகங்களில் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.)

நிபோங் திபாலில் இறங்கியதும், வாசலில் அசையாமல் நின்ற பெரிய உருவத்தைப் பார்த்துக் குனிந்து, "வணக்கம் அங்கிள்" என்றேன்.

"அது மழைக்கோட்டு," என்றார் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் மாணிக்கம். அவரும் முகக்கவரி போட்டிருந்ததால் சிரித்தாரா முறைத்தாரா தெரியவில்லை. அங்கேயே இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கவிதாவின் அம்மா கொண்டுவந்த காபியை வாங்கினேன். வாங்கி, கம்பீரமாக வாய்க்குக் கொண்டுபோனேன். டம்ளர் கேடயத்தில் 'டொக்' என்று மோதியது. காபி முழுவதும் என் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிட்டார் என்று நினைக்கிறேன்.

இனி இழக்க ஒன்றுமில்லை என்று எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். கவிதாவை எப்படிப் பார்த்துக்கொள்வேன், எங்கே குடியிருப்போம், வாரம் ஒரு தடவை அவளை இங்கே அழைத்து வருவேன் என்றெல்லாம் உருகி உருகிச் சொன்னேன். என் குரல் கேடயத்தில் பட்டு என் காதிலேயே முழங்கியது. பிரமாதமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தோன்றியது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து மாணிக்கத்தின் உருவம் எழுந்து என்னை நோக்கி வந்தது.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் அக்கா. அவர் நிற்கவில்லை.

"அப்பா!" என்று கவிதா அலறினாள். அதற்கும் நிற்கவில்லை.

அவர் கை என் முகத்துக்கு நேராக உயர்ந்தது. அறை விழப்போகிறது என்று முடிவு செய்துவிட்டேன். அவ்வளவு நெருக்கடியிலும், கேடயம் இருப்பதால் அவ்வளவாக வலிக்காது என்று என் கொள்கைக்கு ஒரு சாட்சியைச் சேர்த்துக்கொண்டேன்.

அறை விழவில்லை. அவர் நகத்தால் கேடயத்தின் மூலையைச் சுரண்டினார். பிறகு 'க்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக இழுத்தார். முன்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அவர் கையோடு வந்தது. கையை உள்ளே விட்டுப் பின்பக்கத் தாளையும் பிய்த்தார். கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புகிற தாள். குழந்தைகூடப் பிய்த்துவிட்டுத்தான் மாட்டும்.

பனி விலகியது. முதலில் தெரிந்தவை மாணிக்கத்தின் கண்கள். அவை கோபமாக இல்லை, கலங்கியிருந்தன. இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

"இப்பப் பேசுங்க தம்பி. வாயப் பாத்தாத்தான் எனக்கு விளங்கும்."

பிய்த்த தாளைக் கையில் சுருட்டிக்கொண்டே மேலும் சொன்னார்.

"மெஷின் சத்தத்துல காது போயி ரொம்ப வருசம் ஆச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்ல வெக்கம். வாயசைவப் பாத்தே ஓட்டிக்கிட்டு இருந்தேன். வீட்ல இன்னும் அப்படித்தான். வெளிய இந்த மாஸ்க்கு வந்து எல்லார் வாயையும் மூடிருச்சு."

கவிதா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருடம் கூடவே இருந்தும் தெரியவில்லையே என்று தேம்பினாள். பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. கையால் சைகை காட்டி, போன தடவை வேண்டாம் என்றீர்களே என்றார்.

மாணிக்கத்துக்கு அது உடனே புரிந்தது. "நான் இன்னொரு காபி குடிக்கலையான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அப்புறம் கவிதா சொல்லித்தான் விஷயம் தெரிஞ்சது. காது கேக்கலன்னு எப்படி ஒத்துக்கிறது, அதான் கத்திட்டேன்."

நான் என் பேச்சை முதலிலிருந்து மறுபடி பேசினேன். காபி சொட்டும் சட்டையோடு, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து பேசினேன். அவர் என் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. என் வாழ்நாளில் யாரும் நான் பேசியதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

முடித்ததும், "சரி, கட்டிக்குங்க," என்றார்.

என் அன்றைய வெற்றியை அளக்க இந்தத் தீவு போதாது. பாலத்தில் திரும்பி வரும்போது, பொதுமக்கள் கேடயம் அணிய வேண்டியதன் அவசியம் பற்றி அக்காவுக்கு முழு உரை நிகழ்த்தினேன். அக்கா அசரவில்லை. வீட்டுக்கு வந்து என் பெட்டியைக் கவிழ்த்து, அத்தனை கேடயங்களையும் கத்தரிக்கோலால் வெட்டினார். முகக்கவரிகளில் வாய் இருக்கும் இடத்தில் அந்தப் பிளாஸ்டிக்கை ஜன்னல் போல வைத்துத் தைத்தார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் அந்த ஜன்னல் முகக்கவரியோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆவி படிந்து ஆளாளுக்குத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் மாணிக்கம் மாமா ஒவ்வொருவரிடமும் போய் நின்று வாய் நிறையப் பேசினார்.

"தோத்தது நீதான். பிளாஸ்டிக் மட்டும்தான் ஜெயிச்சது," என்று அக்கா மேடையிலேயே என் காதில் சொன்னார். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

மாமாவின் வெட்கம் அன்றோடு போய்விட்டது. போன வருடம் அவரை அழைத்துப் போய்க் காது மெஷின் வைத்தோம். வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்று, பழக்க தோஷத்தில் வாயை அகலத் திறந்து, "மாமா! நான் பேசறது கேக்குதா?" என்றேன்.

மாமா திடுக்கிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுதான் ஒங்க குரலா தம்பி? முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அந்தத் தாளப் பிச்சிருக்கவே மாட்டேனே!"

அதிலிருந்து நான் எங்கே வாயைத் திறந்தாலும், அது தீபாவளி விருந்தோ யாருடைய பிறந்தநாளோ, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மாமாவைப் பார்த்து ஒரே குரலில், "மெஷினக் கழட்டுங்க!" என்று கத்துகிறார்கள். மாமா கையைக் காது வரைக்கும் கொண்டுபோகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் ஒரு நாளும் கழற்றியதில்லை.