இடைவேளைச் சண்டை

மூன்று நாளாக மனைவி சண்டை போடவில்லை. எழுத்தாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

'பெண் மனதைக் கரைத்துக் குடித்தவர்' என்று பத்திரிகைகள் அவரைப் புகழும். குடித்தாரோ இல்லையோ, கதவுக்குப் பின்னால் நின்று, மனைவி திட்டுவதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வார். நாற்பது நாவல்களும் பதினோரு படங்களும் அப்படி வந்தவைதான்.

இப்போது பன்னிரண்டாவது படம். கணவன் மனைவி சண்டையில் இடைவேளை. டைரக்டர் திங்கட்கிழமையே போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வியாழன் நாலு மணிக்குள்ள சீன் வரணும். இல்லேன்னா வேற ரைட்டர்தான் சார்."

இன்று வியாழன். எழுத்தாளர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு, நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார். மனைவி வந்தாள். எடுத்துக் கொடியில் உலர்த்தினாள். போய்விட்டாள்.

"உன் தம்பி இருக்கானே, சுத்த உதவாக்கரை!"

"ஆமாங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

போன வருஷம் இதே வாக்கியத்துக்கு முழுசாக நாலு பக்கம் கிடைத்திருந்தது.

"உன் சமையலுக்கு உன் அக்கா சமையல் எவ்வளவோ தேவலை!"

"அப்ப மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுக்குங்க," என்று அடுப்பை அணைத்தாள். புன்னகை வேறு.

வசனமும் போச்சு, சாப்பாடும் போச்சு. கடைசி அஸ்திரமாக, அவளுடைய புதுச் சேலைமேல் டீயைக் கொட்டப் போனார். பசி மயக்கத்தில் கால் தடுக்கியது. முக்கி முனகித் தானே எழுதிவைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தின்மேல் மொத்த டீயும் கவிழ்ந்தது.

"அடடா," என்று அவளே துடைத்தும் விட்டாள்.

எழுத்தாளருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏம்மா, கோபம் இருந்தா வாயைத் திறந்து திட்டிடேன்! உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"எனக்கென்னங்க கோபம்?" என்றவள் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டாள்.

நாலு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. டைரக்டரின் டிரைவர். எழுத்தாளர் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"இன்னும் ஒரே ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக் குடுங்க டிரைவர். சீனை முடிச்சுடறேன்."

"சீன் நேத்தே வந்துடுச்சே சார்! அம்மாவைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னார், அடுத்த படத்துக்கும் அவங்களே ரைட்டராம்."