வெயிலில் அடித்த மழை மணி

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. டிலோஜினியின் மழை அலாரம் அன்றைக்கு மூன்றாவது தடவையாக அலறியது.

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் வேம்பின் கீழ் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சத்தம் கேட்டால் முதலில் ஓடுவது, பிறகுதான் என்னவென்று கேட்பது. சண்டைக் காலத்துப் பழக்கம் அது. இந்திய அகதி முகாமில் இருந்து ஊர் திரும்பி ஆறு வருடமாகியும் கால்களை விட்டுப் போகவில்லை. கருவாட்டுப் பாய்களைத் தூக்கிக் கொட்டிலுக்குள் போட்ட பிறகே அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு முகில்கூட இல்லை.

"எங்க பிள்ளை மழை?" என்றார் அப்பா பஸ்ரியன். கையில் இன்னும் இரண்டு சீட்டு இருந்தது.

"உணரியில ஈரம் பட்டிருக்கப்பா."

"என்ர தொண்டையிலதான் ஈரமில்லை. தூக்குங்கோடா, பிரட்டிக் காயப்போடுவம்!"

அந்த அலாரம் விடுமுறை வகுப்பில் அவள் தானே செய்தது. தகட்டில் மழைத்துளி விழுந்தால் மணி அடிக்கவேண்டும். சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் சேர் பார்க்க வருவார். சரியாக வேலை செய்தால் யாழ்ப்பாணக் கண்காட்சிக்கு அதுவும் போகும், அவளும் போவாள்.

'கருவாட்டின் உப்புத்தண்ணீர் தெறித்திருக்கலாம்' என்று கொப்பியில் எழுதி, உணரியைக் கம்பில் உயர்த்திக் கட்டினாள். அடுத்த நாள் ஐந்து தடவை அடித்தது.

'கடற்காற்றின் ஈரம்' என்று எழுதிச் செய்நிரலை மாற்றினாள். இனித் துளி போதாது, தகடு நன்றாக நனையவேண்டும். அதற்குப் பிறகு அடிக்கத் தொடங்கினால் அரைமணி நேரம் ஓயாது.

"தங்கச்சி, இதைவிடக் கரைவலை இழுக்கிறது சுகம்" என்று பாயோடு மூச்சு வாங்கினான் சீட்டுக் கூட்டத்துச் சாந்தரூபன்.

ஒரு காலை முழுவதும் கம்பின் கீழேயே இருந்து பார்த்தாள். அது மூச்சுக் காட்டவில்லை. சாப்பிடப் போய் முதல் வாய் வைக்க, அலறியது.

கோபத்தைவிட வியப்புத்தான் வந்தது. 'நான் பார்ப்பது அதற்குத் தெரியுமா?' என்று எழுதி, சேருக்குக் காட்ட வெட்கப்பட்டு வெட்டினாள். அவள் முகாமில் பிறந்தவள். தனக்குப் பிடிபடாதது இந்த இயந்திரமா, இல்லை இந்த ஊரின் வெயிலும் காற்றுமா என்று யோசித்தாள். அந்தக் கேள்வியை வெட்ட முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானமும் அடித்தது. சேர் வர ஒரு மணித்தியாலம் இருந்தது. டிலோஜினி கம்பைச் சரித்து வயரைக் கழற்றத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு மாக்கிறட் மாமி ஓடிவந்தாள்.

"ஐயோ, ஏன் பிள்ளை கழட்டுறாய்?"

"பழுது மாமி. எனக்குச் செய்யத் தெரியேல்லை எண்டு சேரிட்டச் சொல்லப்போறன்."

மாமி பாய் சுமக்கும் ஆண்களை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதில ஒரு பழுதுமில்லையடி; நேற்று சிசிலியா, இண்டைக்கு நான், பொம்பிளையள் முறை வச்சுக் கம்பைச் சரிச்செல்லோ தண்ணி ஊத்திறம், இல்லாட்டி இவையள் எழும்பி வந்து கருவாடு பிரட்டுவினமே!"