நான் இல்லீங்க

"நான் இல்லீங்க டீச்சர்."

ரான் தெஃபூ இதை மூன்றாவது முறையாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள். அதற்கு மேல் நகர இடமில்லை.

எதிரில் ஹே டீச்சர் சிவப்பு வெல்வெட் பதாகையை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். பொன்னிற எழுத்து, கீழே மஞ்சள் குஞ்சலம். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து முரசோடு நான்கு ஆசிரியர்கள். சந்தையின் சுமைகாரர்கள் அத்தனை பேரும் மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மயங்கி விழுந்த எங்கப்பாவ முதுகுல தூக்கிட்டு நூத்தி எண்பது படி ஏறியிருக்கீங்க."

"நான் ஏறலீங்க."

"பேருகூடச் சொல்லாம ஆஸ்பத்திரி பெஞ்சுல படுக்க வச்சிட்டுப் போயிட்டீங்க."

"நான் அந்தப் பக்கமே போகலீங்க."

டீச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா? எங்கப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மஞ்சச் சட்டை போட்ட சந்தை ஆளு, அம்பது வயசிருக்கும், குட்டைக் கழுத்து. அவ்வளவுதான் தெரியும். ஆனா நேத்து ராத்திரி ஒண்ணு சொன்னாரு. 'செஞ்சவன் செஞ்சேன்னு சொல்ல மாட்டான். மூணு தடவ கேளு. மூணு தடவையும் இல்லேங்கிறவன்தான் அவன்'னாரு. இவரு அஞ்சு தடவ சொல்லிட்டாரு!"

முரசு அதிர்ந்தது.

இதில் டீச்சரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் நன்றி சொல்வதைவிட நன்றி வாங்குவது கஷ்டம். ஒருவர் நன்றி என்றால், "ஐயோ, நான் என்ன செஞ்சேன்" என்று மறுக்க வேண்டும். அவர் வற்புறுத்த வேண்டும். திரும்ப மறுக்க வேண்டும். "ஆமாம், செய்தேன்" என்று தலையாட்டுகிறவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். ஆனால் உண்மையிலேயே ஒன்றும் செய்யாதவன் என்ன சொல்லித் தப்பிப்பது? அதற்கு யாரும் வழி வைக்கவில்லை.

"வாங்கிக்கப்பா. டீச்சருக்குக் கை வலிக்குமில்ல," என்றது ஒரு குரல். பெங் ஷுய்கென். ரானோடு பன்னிரண்டு வருடமாக மூட்டை தூக்குகிறவன். முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு சொன்னான்.

ரான் வாங்கிக்கொண்டான். சந்தைத் தலைவர் யாங் படம் எடுத்தார். பதாகை அலுவலகச் சுவரில் ஏறியது.

அன்று சாயங்காலம் எட்டு மாடி ஏறி வீட்டுக்குப் போனதும் மனைவி யுன்ஃபாங்கிடம் சொன்னான். அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"நெசமா நீ தூக்கலியா?"

"உன்னையே நான் தூக்கினதில்ல. ஊரான் அப்பனையா தூக்கப் போறேன்?"

"அதுவும் சரிதான். அப்ப நேரா அவங்க வீட்டுக்குப் போயி, பெரியவர்கிட்டயே சொல்லிட்டு வா. தூக்கினவன் யாருன்னு அவருக்குத் தெரியாமலா போகும்? வெறுங்கையோட போகாதே. இந்தா, இந்த ஊறவச்ச கீரை ஜாடிய எடுத்துக்க."

அந்த ஜாடிதான் கெடுத்தது.

பெரியவர் ஹே ஜாடியைத் தடவிப் பார்த்தார். "உசுரக் காப்பாத்தினவன் எனக்குப் பரிசு கொண்டாந்திருக்கான். உலகத்துல எங்கயாவது உண்டா?"

"ஐயா, நல்லாப் பாருங்க. நான் இல்ல."

பெரியவர் கையை நீட்டி ரானின் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். வெட்டுப் பலகையில் இறைச்சியைப் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்த்தார். "இதே கழுத்துதான். என் தாடைய இதுலதான் வச்சிருந்தேன்."

சுமைகாரர்கள் எல்லோருக்கும் ஒரே கழுத்துதான். முப்பது வருடம் கழி அழுத்தினால் யார் கழுத்தும் அப்படித்தான் ஆகும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜாடி புகைபோட்ட இறைச்சியால் நிரம்பித் திரும்பி வந்தது. கூடவே ஒரு கூடை ஆரஞ்சு.

"இதையும் வாங்கிட்டா வந்தே?" என்றாள் யுன்ஃபாங்.

"மூணு தடவ வேணாம்னேன்."

"மூணோட நிறுத்திட்டியா? நாலாவது தடவ சொல்லியிருக்கணும்யா. மூணுங்கிறது வேணும்னு அர்த்தம்."

மறுநாள் ரான் வேறு வழி யோசித்தான். பெரியவர் விழுந்தது செவ்வாய்க்கிழமை காலை. அந்த நேரம் ரான் பல் வைத்தியர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? நேராகத் தலைவர் யாங்கின் மேசைக்குப் போய் வாயைத் திறந்து காட்டினான். கடைவாயில் ஒரு பள்ளம்.

"செவ்வாக்கிழம காலையில பிடுங்கினது தலைவரே. வைத்தியரக் கேட்டுப் பாருங்க."

யாங் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"பல்லப் பிடுங்கின வாயோட, ரத்தத்த முழுங்கிக்கிட்டு, நூத்தி எண்பது படி..."

"தலைவரே!"

"இத ஏன்யா இத்தன நாளு சொல்லல?"

மத்தியானத்துக்குள் அது அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. மிளகாய் விற்கிற பெண்கள் ரானைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். நான்காம் நாள்தான் சிரிப்பு நின்றது.

சுமைகாரர் குடியிருப்பில் தரைத்தள அறை ஒன்று காலியாக இருந்தது. எட்டு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. பெங் ஷுய்கென்னும் எட்டாவது மாடிதான், ரானுக்குப் பக்கத்து அறை. அவனுக்கு வலது முட்டி போய்விட்டது. காலையில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சுவிடுவான். கைப்பிடியைப் பிடிக்கிற சத்தம் ரானின் சுவர்வரை கேட்கும். அந்த அறை பெங்குக்குத்தான் என்று யாங் வாயால் சொல்லியிருந்தார். இப்போது அறிவிப்புப் பலகையில் வேறு பெயர்: ரான் தெஃபூ, முன்மாதிரித் தொழிலாளி.

ரான் ஓடினான்.

"தலைவரே, அந்த அறை எனக்கு வேணாம். பெங்குக்குக் குடுங்க. அவன் முட்டி இன்னும் ஒரு குளிர்காலம் தாங்காது."

யாங் பேனாவைக் கீழே வைத்தார். "கிடைச்ச அறையக்கூடக் கூட்டாளிக்குக் குடுக்கிறியா?"

"இல்ல தலைவரே, அது அவனுக்குச் சேர வேண்டியது."

"முடிவாச் சொல்றேன். இப்பேர்ப்பட்ட ஆளுக்கு அறை குடுக்கலேன்னா என்னைத்தான் ஊரு காறித் துப்பும். சாவியப் பிடி."

அன்று பெங் அவனோடு சாப்பிட உட்காரவில்லை. தனியாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து நூடுல்ஸை உறிஞ்சினான்.

"என்னாச்சு, பெங்?" என்றான் ரான்.

"பெரிய மனுஷங்கூட நமக்கென்ன பேச்சு? பல்லு வலி எப்படி இருக்கு?"

"நான் அந்த ஆளத் தூக்கல, பெங்."

"அதத்தான் ஊரே சொல்லுதே. சொல்லவே மாட்டேங்கிற, தங்கமான மனுஷன்னு." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்விட்டான்.

ரான் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். யாரோ செய்த புண்ணியம் தன் தலையில் விழுந்து, அந்தப் பாரத்தில் பெங்கின் முட்டி உடைகிறது. மறுத்தால் பணிவு என்கிறார்கள். சாட்சி காட்டினால் வீரம் என்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் தியாகம் என்கிறார்கள். பாக்கி ஒரே வழிதான். வெட்கங்கெட்டவனாக ஆகிவிட வேண்டும்.

சனிக்கிழமை பாராட்டுக் கூட்டம். பெரியவர் ஹேயை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். ரான் மேடையேறினான். பெற்ற தாய் கேட்டால் எழுந்து வந்து அறைவாள் என்று தெரிந்தும் வாயைத் திறந்தான்.

"ஆமா. நான்தான் தூக்கினேன். நான் ஒருத்தனே தூக்கினேன். எனக்கு இந்த வெல்வெட்டெல்லாம் பத்தாது. ஆரஞ்சு புளிக்குது. இன்னும் பெரிசா ஏதாவது செய்யணும்!"

முரசடிக்கிற ஆசிரியர் ஓங்கிய கோலைக் கீழே இறக்கினார். அப்பாடா, என்று நினைத்தான் ரான். இப்போது துப்புவார்கள். அறையைப் பிடுங்குவார்கள்.

பெரியவர் ஹே மெல்லக் கையை உயர்த்தினார். அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். "பத்து நாளா என் நன்றிய யாரும் வாங்கிக்கல. நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்துச்சு. தூக்கமில்ல. அது இவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு கெழவன் நிம்மதியாச் சாகணும்னு, தன் மானத்தயே விட்டு, வாங்கிக்கிட்டாரய்யா!"

முரசு அதிர்ந்தது. மிளகாய்க்காரிகள் அழுதார்கள். யாங் ஓடி வந்து ரானைக் கட்டிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் ரான் எட்டு மாடி ஏறினான். தன் அறைக்குப் போகவில்லை. பெங்கின் கதவைத் தள்ளித் திறந்தான். பெங் கட்டிலில் உட்கார்ந்து முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். ரான் அவன் மெத்தையைச் சுருட்டினான். சட்டி, கிண்ணம், வெந்நீர்க் குடுவை எல்லாவற்றையும் ஒரு துணியில் போட்டுக் கட்டிக் கழியில் மாட்டினான்.

"என்னடா பண்றே?"

"கீழ் அறைக்கு நீ போற. சாவி இந்தா. பலகையில என் பேரு இருந்துட்டுப் போகட்டும். படுக்கிறது நீ."

"எனக்கு வேணாம்," என்றான் பெங், முட்டியைப் பார்த்துக்கொண்டு.

பத்து நாளாக ரான் சொன்ன ஒரு "இல்லை"யைக்கூட, யுன்ஃபாங்கைத் தவிர, ஒரு ஆளும் நம்பவில்லை. இனிமேல் யாராவது வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வது என்று அவன் மேடையிலிருந்து இறங்கும்போதே தீர்மானம் செய்திருந்தான்.

"சரி," என்றான். மூட்டையை இறக்கிவைத்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கதவுவரை போய்விட்டான்.

"நில்லுடா!" பெங் கத்தினான். "அப்படியே போயிடுவியா? இன்னொரு தடவ கேட்டா உன் வாயில இருக்கிற மிச்சப் பல்லும் கொட்டிடுமா?"

ரானுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "சரிப்பா, கேக்கிறேன். ஆனா நீயாவது நம்பு. அந்தப் பெரியவர நான் தூக்கல."

"நம்புறேன்."

பத்து நாளில், வீட்டுக்கு வெளியே நம்பிய முதல் ஆள். "நீ மட்டும் எப்படிடா நம்புற?"

பெங் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தான். அவசரமில்லாமல் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"அந்த டீச்சர் உன்கிட்ட வந்ததுக்கு முந்தின நாளு என்கிட்டதான் வந்தாங்க. 'எங்கப்பாவத் தூக்கிட்டுப் போனது நீங்களா'ன்னு கேட்டாங்க. மரியாதைக்கு 'நான் இல்லீங்க'ன்னேன். 'அப்படியா, மன்னிச்சுக்குங்க'ன்னுட்டுப் போயே போயிட்டாங்கடா... நான் ரெண்டாவது தடவ கேப்பாங்கன்னு அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன்."