இருநூற்றுப் பதினான்கு 'வாரேன்'

ஒரு சாமானைக் கண்ணால் பார்த்ததுமே அது விற்குமா, கடையில் தூங்குமா என்று சொல்லிவிடக்கூடிய ஆள் காரைக்குடியில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான். (நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் சொல்வதாகக் காணோம்.) ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு நெற்குப்பை வரை மிதித்து விற்றவன். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தப் பாத்திரக் கடை. இத்தனை பெருமையையும் ஒரு பணியாரக் கல் கவிழ்த்தது.

கல் என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. இரண்டு குழிப்பணியாரக் கல்லை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து, நடுவில் கீல். ஒருபக்கம் வெந்ததும் கைப்பிடியைப் பிடித்து அப்படியே புரட்டினால் அத்தனை பணியாரமும் ஒரே நேரத்தில் திரும்பிவிடும். குச்சி வைத்து ஒவ்வொன்றாகக் குத்தவேண்டாம். (கல் கொஞ்சம் கனம். கொஞ்சம் என்றால், என் மனைவி சிவகாமி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் புரட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்ங்க" என்றாள்.)

கல்லூரியில் வணிகம் படித்த என் மகள் செல்வி சொன்னாள்: "அப்பா, பத்துக் கல்லு மட்டும் செஞ்சு, விலையை எழுதி வாசல்ல வைப்போம். யாரு வாங்குறாகன்னு பாத்துட்டு மேல செய்யலாம்."

"நீ படிச்சதை நான் கடையில கரைச்சுக் குடிச்சவன்த்தா. நாளைக்கு நானே ஊரைக் கேட்டுப்புடுறேன். ஒரு மாசத்துல நூறு கல்லு போகலைன்னா கல்லாவுல நீ உக்காரு. நான் எந்திரிச்சுடுறேன்."

முப்பது வருஷமாக என்னைத் தவிர யாரும் உட்காராத நாற்காலி அது. செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் சுதாரித்திருக்கவேண்டும்.

மறுநாள் கடை வாசலில் அடுப்பை வைத்தேன். நானே சுட்டேன், சுடச்சுட, காரச் சட்னியோடு, இலவசம். தின்றவர் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "எப்படி?"

"பிரமாதம்ணே!"

"கல்லு வாங்க வருவீகல்ல?"

வாய் நிறையப் பணியாரத்தோடு, "வாரேண்ணே!"

காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு கோடு போட்டேன். ஒரு வாத்தியார் மூன்று முறை வந்து தின்றார், மூன்று கோடு. கண்டரமாணிக்கம் போகிற ஒரு அம்மா ஏழு பணியாரம் முடித்துவிட்டு, "பஸ்ஸு கிளம்பிருச்சுண்ணே, வாரேன், வாரேன்!" என்று ஓடினார். (இரண்டு தடவை சொன்னாரே என்று இரண்டு கோடு.) மாலைக்குள் இருநூற்றுப் பதினான்கு. அன்றே பட்டறைக்குப் போன் போட்டு முந்நூறு கல் வார்க்கச் சொன்னேன். பிறகுதான் அட்டையைச் செல்வியிடம் நீட்டினேன்.

"எல்லாரும் வாரேன்னுதான் சொன்னாகளா?"

"ஒருத்தர்கூட வரலைன்னு சொல்லலை!"

"அப்பா, சாவு வீட்டைத் தவிர வேற எங்க நம்மாளுக வாரேன்னு சொல்லாமப் போயிருக்காக?"

பட்டறைக்குத் திரும்பப் போன் போட்டேன். அவர்கள் இரும்பை உருக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கல் வந்து இறங்கிய முதல் வாரத்தில் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் அந்தக் கண்டரமாணிக்கத்து அம்மா, "அண்ணே, சொன்ன மாதிரி வந்துட்டேன்!" என்று படியேறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நானே ஒரு கல்லைத் தூக்கி, துடைத்து, பேப்பரில் சுற்றி, கயிறு கட்டி நீட்டினேன்.

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை என்னண்ணே பண்ண? இன்னைக்குப் பணியாரம் போடலியா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

மாதம் முடிந்தபோது விற்றது நான்கு. அதில் ஒன்றை வாங்கியவர் என் மைத்துனர். அவரும் மறுவாரம் திருப்பிக் கொண்டுவந்தார், மாவு அடுப்பில் ஒழுகுகிறதாம். நான் எழுந்தேன், செல்வி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கல்லையெல்லாம் பட்டறைக்கு அனுப்பிக் கீலைக் கழற்றச் சொன்னாள். ஒன்று இரண்டானது. சாதாரணப் பணியாரக் கல்லாக, விலையை எழுதி வாசலில் வைத்தாள். ஒரு வருஷத்தில் அத்தனையும் போய்விட்டது. (ஆக, என் கண்டுபிடிப்பு ஏறக்குறைய அறுநூறு வீட்டில் இருக்கிறது. இதை யாரும் மறுக்கமுடியாது.)

கல்லா இன்றுவரை அவளிடம்தான். நேற்று மத்தியானம் சாப்பிடக் கிளம்பும்போது, "வாரேன்த்தா" என்றேன்.

தலை நிமிராமல் கேட்டாள்: "கோடு போட்டுக்கிறவாப்பா?"