அரை யூனிட்டுக்கும் குறைவாக

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி, உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் அத்தை ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அதில் பாதியைக் கழித்துக்கொள்ளவும்.

அவளை அழைத்துப் போக நான் ஏன் இன்னும் வரவில்லை என்று நேற்று போனில் கேட்டீர்கள். வர முடியாது என்பதை ஆதாரத்தோடு தெரிவிக்கவே இக்கடிதம். எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போன அன்று கடையில் இரண்டு சைக்கிள் காட்டினார்கள். ஒன்றின் பேட்டரியில் முப்பத்தாறு வோல்ட், பதினான்கு ஆம்பியர் ஹவர் என்று போட்டிருந்தது. மற்றதில் நாற்பத்தெட்டு வோல்ட், பத்து ஆம்பியர் ஹவர். உங்கள் அத்தை பதினான்கைத் தொட்டுக் காட்டி, இதுதான் பெரியது என்றாள். நானோ வாழ்நாளெல்லாம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போட்டவன், எனக்குத் தெரியாத அளவா என்று நாற்பத்தெட்டைப் பிடித்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். கடைக்காரர், சாமான் வாங்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும், "முப்பத்தாறு பெருசா, நாப்பத்தெட்டு பெருசா? கணக்குத் தெரியாதவ வாயை மூடிட்டு நிக்கணும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பியபோதுதான் திறந்தாள்.

"அவ்வளவு பெரிய பேட்டரின்னா அதுலயே வந்து கூப்பிடுங்க. பஸ்ல வந்தா நான் கிளம்பமாட்டேன்."

அவள் போன பிறகு, பேச ஆளில்லாமல், பேட்டரியில் ஒட்டியிருந்ததை முழுக்கப் படித்தேன். வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் வாட் ஹவர் வருமாம். உள்ளே எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அளவாம். லாரியின் நீளத்தை மட்டும் பார்த்து எடை சொல்வானா ஒருவன்? நான் சொல்லியிருக்கிறேன். என்னுடையது நானூற்று எண்பது வாட் ஹவர். அவள் காட்டியது ஐந்நூற்று நான்கு. இதைவிட வேதனை, கரண்ட் பில்லில் ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் ஹவர். ஆக, அரை யூனிட்டுக்கும் குறைவான ஒன்றை வைத்துக்கொண்டு நான் அந்தப் பேச்சுப் பேசியிருக்கிறேன்.

இனி தூரத்தைப் பாருங்கள். கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்குப் பத்து வாட் ஹவர் போதும் என்றார் கடைக்காரர். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது. மிதிக்காமல் போகும் என் உடம்புக்குப் பதினைந்து பிடிக்கிறது. ஆகவே முப்பத்திரண்டு கிலோமீட்டரில் அது படுத்துவிடும். உங்கள் வீடு முப்பத்து மூன்றரை. ஒன்றரை கிலோமீட்டர் உதைக்கிறது. விஞ்ஞானமே குறுக்கே நிற்கும்போது நான் என்ன செய்ய? காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ ஊற்றிவிட்டு, ஒன்றை ஆறவிட்டு நானே குடிக்கிறேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வர இயலாத மாமா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். தெருமுனைத் தபால் பெட்டியைச் சைக்கிள் தாண்டிவிட்டது, நானும் தடுக்கவில்லை. சார்ஜரும் எப்படியோ பையில் இருக்கிறது. கணக்குத் தப்பவில்லை. முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில், பாலத்தடியில் நின்றுவிட்டது. மீதி ஒன்றரையும் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் காட்டிய பேட்டரியாக இருந்தால் உங்கள் வாசல்வரை வந்திருக்கும். இதை அவளிடம் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். இப்போது உங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் எழுதுகிறேன். கதவிடுக்கில் இதைத் தள்ளிவிட்டு மணி அடிப்பேன். சார்ஜ் ஏற ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை அவள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவளையே வந்து காட்டச் சொல்லுங்கள்.