வராத ரயிலுக்கு வழிவிடுதல்

கார்னிலா பள்ளத்தாக்கில் ரயில் நின்று முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. தண்டவாளத்தைப் பிடுங்கி விற்றார்கள். மிச்சமிருந்த மேட்டில் சரளை கொட்டி, நடப்பதற்கும் சைக்கிள் விடுவதற்கும் பாதை என்றார்கள். வழியெல்லாம் ஒயின் ஆலைகள். உடம்போடு ஒட்டிய பளபளச் சட்டை போட்ட பட்டணத்து ஜனம் ஒவ்வொன்றிலும் இறங்கி, ஒரு வாய் உறிஞ்சி, "ஈரக்கல் வாசனை" என்று கண்ணை மூடும். காலையில் நூல் பிடித்தாற்போல் போன சைக்கிளுக்குச் சாயங்காலம் பாதையின் அகலம் போதாது.

இதில் யாருக்கும் தொந்தரவில்லை, லெஸ்டர் நோஸ்கேயைத் தவிர. அவருடைய திராட்சைத் தோட்டம் பாதைக்கு இந்தப் பக்கம், சாலை அந்தப் பக்கம். முப்பத்தொன்பது டிகிரி வெயிலில், நாலு டன் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையை இரண்டு வண்டிகளில் ஏற்றி டிராக்டரில் பூட்டி வந்தார். ஆலையில் இரண்டு மணிக்கு மேல் பழம் எடுக்க மாட்டார்கள். மறுநாள்வரை வைத்தால் புளித்துப்போகும்.

பாதையைக் கடக்கும் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் பாதை அதிகாரி டன்ஸ்டன், கையில் கோப்போடு நின்றார்.

"பூட்டைத் தொறய்யா, பழம் வேகுது."

"தொறக்கலாம், மிஸ்டர் நோஸ்கே. ரயில் வரலைன்னு சான்று இருக்கா?"

"எந்த ரயில்?"

"எந்த ரயிலா இருந்தாலும். தண்டவாளத்தைத்தான் எடுத்தாங்க, பாதையை மூடினதா உத்தரவே போடலை. சட்டப்படி இது ஓடுற ரயில் பாதை. குறுக்கே போற வண்டி ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட எழுதி வாங்கணும்."

"அவரு செத்து இருபது வருஷமாச்சு! ஸ்டேஷன்ல காபிக் கடை நடக்குது!"

"செத்தது அவருதான். பதவி அப்படியே இருக்கு. காலியிடத்தை நிரப்பச் சொல்லி விண்ணப்பம் போடுங்க. தொண்ணூறு நாள்ல பதில் வரும்."

லெஸ்டரின் மனைவி ஐலீன் பழத்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தாள். "கத்தாத லெஸ்," என்றவள் டன்ஸ்டனிடம் திரும்பினாள். "ரயிலே வந்தா, அதுக்கு யாரு சான்று குடுப்பாங்க?"

"ரயிலுக்கு எதுக்கும்மா சான்று? பாதையே அதோடது."

"சரி, ரயில்னா என்ன? அதைப் படிங்க."

டன்ஸ்டன் கோப்பைப் புரட்டினார். "'ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கொண்டு, பாதையில் செல்லும் ஊர்தித் தொடர்.'"

ஐலீன் டிராக்டரின் முன்விளக்கைப் போட்டாள். அந்த வழியே வந்த சைக்கிள்காரனை நிறுத்தி, அவன் பின்னால் மினுக்கிய சிவப்பு விளக்கை இரவல் வாங்கிக் கடைசி வண்டியில் மாட்டினாள்.

டன்ஸ்டன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தும் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

"ஆனா ரயில் குறுக்கே போகாது. பாதை மேலதான் போகணும். ஆலை பழைய ஸ்டேஷன் பக்கம்தானே? ஏழு கிலோமீட்டர். ரெண்டு நிறுத்தத்துலயும் நின்னுதான் போகணும்."

ரயில் புறப்பட்டது. முன்னால் டன்ஸ்டன் சைக்கிளில், ஒரு கையில் பச்சைக் கொடி. முதல் நிறுத்தத்தில் ஏற ஆளில்லை. விதிப்படி ஐந்து நிமிஷம் நின்றது. இரண்டாவதில் ஒயின் குடித்த பதினோரு பேர் ஏறினார்கள்.

"ஜன்னல் சீட்டு இருக்கா?" என்றாள் ஒரு பெண்.

"நின்ன இடமெல்லாம் ஜன்னல்தாம்மா, பழத்தை மிதிக்காம நில்லு," என்றார் லெஸ்டர்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஆலை வந்தது. பழம் தப்பியது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊர் விடவில்லை. சனிக்கிழமைதோறும் ரயில் வேண்டும் என்றார்கள். லெஸ்டருக்கு ரயில் டிரைவர் தொப்பி தைத்துக் கொடுத்தார்கள். அவர் சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, பதினொரு நிமிஷம் தாமதம் என்று புகார்கூட வந்தது.

சிவப்புத் திராட்சை பறித்த அன்று காலை ரயில்வே தலைமை அலுவலகக் கடிதம் வந்தது. "கார்னிலா ரயில் மீண்டும் ஓடுவது மகிழ்ச்சியுடன் கவனிக்கப்பட்டது. ஓடும் பாதைகள் யாவும் லாப நஷ்டப் பரிசீலனைக்கு உட்பட்டவை. இப்பாதையின் வருமானம் சுழியம். ஆகவே பாதை இன்றுமுதல் மூடப்படுகிறது. இனி எவரும் எந்நேரமும் தடையின்றிக் குறுக்கே கடக்கலாம்."

"லெஸ், பூட்டே இல்லை! ரெண்டு நிமிஷத்துல சாலை. வா, பழத்தைக் கொண்டுபோவோம்," என்றாள் ஐலீன்.

"ரயிலையே மூடுறானுங்க, உனக்குப் பழம் பெருசா?" தொப்பியைச் சரிசெய்துகொண்டு, லெஸ்டர் பாதையில் போய்க் குறுக்கே படுத்தார்.

நிஜ ரயிலை நிறுத்திய நாளில் எதிர்க்க வந்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் பேரை இன்றும் சொல்லலாம்; வராதவர்கள் பேரையும் சொல்லலாம். இப்போது வந்தவர்கள் முன்னூறு பேர். அத்தனை பேரும் காரில் வந்து, கேட்டை அடைத்து நிறுத்திவிட்டு, ரயிலைக் காப்பாற்றப் படுத்தார்கள்.

பழ வண்டியோடு உள்ளே மாட்டிக்கொண்ட ஐலீன் விடாமல் ஹாரன் அடித்தாள். படுத்திருந்தவர்கள் ரயில் வருகிறது என்று கைதட்டினார்கள்.